அப்பாவின் படகுக்கு ஜெல்கோட்டா, பெயின்றா?

மாசிக் கடைசியில் ஒரு பின்னேரம் அப்பா படகின் பக்கத்தைத் தடவிவிட்டு உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். திருநீற்றுத் தட்டில் கை வைத்தது போல வெள்ளை. "பார் பிள்ளை, ஒவ்வொரு மாரிக்கும் எவ்வளவு கழுவுப்பட்டுப் போயிருக்கும்" என்றார். அன்று இரவு சாப்பாட்டுக்கு இருந்தபோதே முடிவாகிவிட்டது. சித்திரா பௌர்ணமிக்கு, முத்துமாரி அம்மனின் இந்திர விழாவுக்கு முன், படகைப் புதுப்பித்துத் திரும்பக் கடலில் இறக்க வேண்டும். எதைப் பூசுவது என்பதில்தான் இழுபறி. தம்பி பெயின்ற் என்றான். அப்பா, பைபர் படகின் வெளித்தோலாக இருக்கிற ஜெல்கோட் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்று எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பிறகு வாசித்தேன், கடைக்காரர்களைக் கேட்டேன், பைபர் வேலை செய்கிற ஒரு அண்ணையைப் பின்தொடர்ந்து திரிந்தேன். இதே கேள்வியோடு கரையில் நிற்கிற யாருக்காவது பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

படகைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 18 அடி பைபர் படகு. சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், வல்வெட்டித்துறை ஆதிகோவிலடிக் கரைக்கு வந்தது. அந்தக் காலத்தில் அவசர அவசரமாகச் செய்யப்பட்ட படகுகள் பல இருந்தன. எங்களுடையதன் உடம்பு நல்லது, தட்டினால் கட்டிச் சத்தம் வரும். மேற்பூச்சு மட்டும் ஆரம்பத்திலிருந்தே மெல்லியது. அப்பா அதில் எத்தனையோ வருடம் தொழில் செய்தார். இப்போது தம்பி 15 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டி ஓடுகிறான்.

அப்பாவின் கையில் ஒட்டிய அந்தத் தூள் என்ன என்பதிலிருந்துதான் நான் தொடங்கினேன். பைபர் படகின் வெளித்தோல் ஜெல்கோட். நிறம் கலந்த பொலியெஸ்ரர் ரெசின் அது. படகை வார்க்கும்போது அச்சுக்குள் முதலில் பூசுவது அதைத்தான். அதன் மேல்தான் கண்ணாடி நாரும் ரெசினும் அடுக்கடுக்காக வரும். ஒழுங்காகப் பூசியிருந்தால் அரை மில்லிமீற்றர் கனம் இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் மேற்பரப்பின் ரெசினை உடைக்க, பிடிப்பில்லாமல் போன நிறமி தூளாக மிஞ்சுகிறது. தூள் மட்டும் என்றால், கனமும் மிச்சம் இருந்தால், தேய்த்து, கொம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை போட்டு, வக்ஸ் பூசினாலே பழைய பளபளப்பு வந்துவிடும். புதிதாக எதையும் பூசத் தேவையில்லை. எங்கள் படகில் அதற்கு வழியில்லை. அடிப்பக்கத்தில் நார் தெரியத் தொடங்கியிருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாலு வருடத்துக்கு முன், ஒரு தை மாதம், வீட்டுக் கதவுக்குப் பூசுகிற எனாமல் பெயின்றை வாங்கி நாங்களே பூசியிருந்தோம். பூசின அன்று வடிவாக இருந்தது. அடுத்த மாரி வரமுன்னரே பாம்புச் செட்டை போலக் கழன்றது. பெயின்றில் குறை இருப்பதாக அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் பிழை மூன்றும் எங்களுடையதுதான். பழைய வக்ஸையும் எண்ணெயையும் துடைக்காமலே தேய்த்தோம். கிணற்றுத் தண்ணீரில் கழுவினோம். பனி விழுகிற மாதத்தில் பூசினோம். இந்த மூன்றையும் பற்றிக் கீழே எழுதுகிறேன். எந்த விலைக்கு எந்தப் பூச்சை வாங்கினாலும் இவற்றில் ஒன்று பிழைத்தால் காசு போச்சு.

பைபர் அண்ணை படகைப் பார்க்க வந்த அன்று எதைப் பூசலாம் என்றுதான் நான் கேட்டேன். அவர் படகைப் பார்க்காமல் கரையைப் பார்த்தார். "ரீச்சர், இது இரவில எங்க கிடக்கும்?" என்று கேட்டார். கரையில் ஏற்றித்தான் வைப்போம் என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் இழுக்கிறியள்?" போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா. அவர் குனிந்து ஏராவில், படகின் அடியில் நீளமாக ஓடுகிற முதுகெலும்பில், விரலை வைத்துக் காட்டினார். எங்கள் கரையில் மணல் கொஞ்சம், முருகைக்கல் அதிகம். ஏராவின் நுனி கத்தி சீவினது போல இருந்தது.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. ஜெல்கோட்டா பெயின்றா என்று முழுப் படகுக்கும் ஒரே கேள்வியாகக் கேட்டது பிழை. கல்லில் உரசுகிற வயிறு வேறு, வெயிலில் நிற்கிற பக்கம் வேறு.

கணக்கைப் பாருங்கள். டூ பேக் என்று கடையில் சொல்கிற, இரண்டு ரின்னைக் கலந்து பூசும் பொலியூரிதேன் பெயின்ற் ஒரு தரம் பூசினால் காய்ந்த பிறகு ஏறத்தாழ 50 மைக்ரோன் கனம். இரண்டு தரம் பூசினால் 100 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. ஜெல்கோட் 500 மைக்ரோன். முருகைக்கல்லில் நாளுக்கு இரண்டு தரம் இழுபடுகிற அடிக்கு எது வேண்டும் என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை. அதோடு அடியில் ஒரு வெட்டு விழுந்தால் தம்பி தானே கொஞ்சம் ஜெல்கோட்டைக் கலந்து அப்பி, தேய்த்துவிடலாம். டூ பேக் பெயின்றை ஒரு இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு எப்போதும் தெரியும்.

பக்கங்களுக்கு வந்தால் நியாயம் மறுபக்கம் போகிறது. அச்சுக்குள் வார்த்த ஜெல்கோட் அச்சின் பளபளப்போடு வெளியே வரும். நாங்கள் வெளியிலிருந்து றோலரால் பூசினால் தோடம்பழத் தோல் மாதிரித்தான் வரும். அதைக் கண்ணாடியாக்க 320, 600, 800, 1200 என்று சான்ட் பேப்பரை மாற்றி மாற்றித் தேய்த்து, பிறகு கொம்பவுண்ட் பிடிக்க வேண்டும். அத்தனை வேலை செய்தும் சில வருட வெயிலில் திரும்பவும் அப்பாவின் கை வெள்ளையாகும். பொலியூரிதேன் தானாகவே பரவி, தானாகவே பளபளக்கும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். உழைப்பும் பாதி. ஆகவே நீர்க்கோட்டுக்கு நாலு விரல் மேல் வரை ஜெல்கோட், அதற்கு மேலே டூ பேக் பெயின்ற் என்று முடிவெடுத்தோம். அப்பாவும் தம்பியும் ஒரே நேரத்தில் சரி என்றது எங்கள் வீட்டில் அபூர்வம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயிலிட்டித் துறைமுகம் மாதிரி இடங்களில் இரவும் பகலும் தண்ணீரில் கட்டிக் கிடக்கிற படகுகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றின் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கச் செப்புக் கலந்த தனிப் பெயின்ற் வேண்டும். ஜெல்கோட் அதைத் தடுக்காது. பொலியூரிதேனும் எந்நேரமும் தண்ணீருக்குள் இருப்பதற்கான பூச்சு அல்ல, கொப்புளம் வரும். எங்கள் படகு வெயிலில் காய்கிற படகு. அதனால்தான் எங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

பங்குனி தொடங்கியதும் ஆறு பேர் சேர்ந்து படகைத் தூக்கிப் பனங்குற்றிகளின் மேல் கவிழ்த்தோம். முதல் வேலை பழைய எனாமலை அறிவது. தின்னரில் நனைத்த துணியை ஒரு இடத்தில் சில நிமிடம் ஒட்டி வைத்தோம். பெயின்ற் சுருங்கி எழும்பியது. எதையும் கலக்காமல் ஒரே ரின்னிலிருந்து பூசுகிற பெயின்ற்தான் என்பதற்கு அதுவே அடையாளம். அதன் மேல் டூ பேக் பூசினால் அதன் தின்னர் கீழே உள்ளதை இப்படித்தான் எழுப்பும். ஆகவே முழுவதையும் சுரண்டி எடுத்தோம். அது நாலு நாள் வேலை.

வக்ஸையும் எண்ணெயையும் துடைப்பது தேய்க்க முதல் செய்ய வேண்டிய வேலை. தேய்த்த பிறகு துடைத்தால், சான்ட் பேப்பர் கீறிய கீறல்களுக்குள் வக்ஸ் ஏற்கெனவே போய் இறுகியிருக்கும். ஒரு கையில் தின்னர்த் துணி, மறு கையில் காய்ந்த துணி, ஈரம் ஆறமுன் துடைத்து எடுக்க வேண்டும். ஒரே துணியால் எல்லா இடமும் துடைத்தால் எண்ணெயைப் படகு முழுக்கப் பரப்புகிறோம்.

அடுத்தது தண்ணீர். கடற்கரை ஓரக் கிணறுகளின் தண்ணீர் உவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேநீருக்கு அதை எடுக்க மாட்டோம், படகு கழுவ மட்டும் அள்ளி ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். அதன் மேல் பெயின்ற் பூசினால் உப்பு உள்ளே அகப்பட்டுவிடும். பூச்சினூடாக மெல்ல மெல்ல ஈரம் புகுந்து அந்த உப்பைத் தேடிப் போகும், அங்கே கொப்புளம் கட்டும். பிரசாரணம் என்று நான் பத்தாம் வகுப்புக்கு உருளைக்கிழங்குத் துண்டை வைத்துப் படிப்பிப்பது இதைத்தான். நாலு வருடத்துக்கு முன் என் வீட்டுப் படகில் அது நடந்துகொண்டிருந்ததை நான் காணவில்லை. இந்த முறை தம்பி முச்சக்கர வண்டியில் பரல்களை ஏற்றி ஊருக்குள் இருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்றுக்கு இரண்டு தரம் அதிலேயே கழுவினோம்.

கழுவிய பிறகு மூன்று கிழமை சும்மா விட்டோம். அப்பாவுக்கு அந்தக் காத்திருப்புப் பிடிக்கவில்லை. பைபருக்குள்ளும் தண்ணீர் ஊறியிருக்கும், அது வெளியேற வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முழச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி அடியில் வைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தோம். முதல் கிழமை உள்ளே முத்து முத்தாக வியர்த்திருந்தது. மூன்றாம் கிழமை ஒன்றும் இல்லை.

காத்திருந்த நாட்களில் அப்பா தன் தகப்பனாரின் மர வள்ளத்தைப் பற்றி நிறையக் கதைத்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்குகளில் பூசுவார்களாம், சுறா எண்ணெயை மரம் குடிக்கக் குடிக்கத் தேய்ப்பார்களாம். அந்த மணத்தைச் சொல்லும்போது அவர் மூக்கு விரிந்தது. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி எங்கள் ஊரில் கட்டிய கப்பல். அப்படியொரு கப்பலைக் கட்டிய ஊரில் இன்று படகின் தோலைப் பற்றிக் கேட்டறிய ஆள் தேட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணை தேய்க்கத் தொடங்கியதும் இன்னொன்று வெளிப்பட்டது. பொலியெஸ்ரரைத் தேய்த்தால் ஒரு இனிப்பான ஸ்ரைரீன் மணம் வரும். அடியில் உள்ளங்கை அளவான இரண்டு இடங்களில் அந்த மணம் வரவில்லை. "இது எபோக்சி ஒட்டு. முந்தி ஆரோ அடைச்சிருக்கினம்" என்றார். எபோக்சி வேறு வகை ரெசின். அதன் மேல் ஜெல்கோட் நம்பிக்கையாகப் பிடிக்காது. மறுபக்கமாக, பொலியெஸ்ரரின் மேல் எபோக்சி நன்றாகப் பிடிக்கும். ஆகவே அந்த இரண்டு ஒட்டையும் பழைய பைபர் தெரியும் வரை அரைத்து எடுத்து, மற் என்கிற கண்ணாடி நார் விரிப்பை வைத்துப் பொலியெஸ்ரர் ரெசினால் திரும்பக் கட்டினார். உங்கள் படகில் எபோக்சி வேலை அதிகம் என்றால் என் யோசனை, அடிக்கும் ஜெல்கோட்டை விட்டுவிட்டு எபோக்சிப் பூச்சுகளோடு போவதுதான்.

ஜெல்கோட் பூசிய நாள் காலை எட்டரைக்குத் தொடங்கினோம். அடியின் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீற்றர். அரை மில்லிமீற்றர் கனத்துக்கு 3 லீற்றர், நிறையில் மூன்றரைக் கிலோ வரும். சேதாரத்துக்கும் பிறகு ஒட்டுப்போடவும் சேர்த்து 5 கிலோ வாங்கினோம். எங்கள் வெக்கைக்கு, ஜெல்கோட்டை இறுக வைக்கிற கட்டலிஸ்ட் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே போதும் என்றார் அண்ணை. ஒரு தரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்க விடவில்லை, சட்டிக்குள்ளேயே இறுகிவிடும். பூசப் பூசச் சீப்பு மாதிரி ஒரு சின்னத் தகட்டைக் குத்திக் கனத்தை அளந்தார். கூடினாலும் கூடாது, தடித்த ஜெல்கோட் படகு நெளியும்போது மயிரிழையாக வெடிக்கும்.

கட்டலிஸ்டைப் பற்றி ஒரு ஆசிரியையாகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்கக் கூடாது. கோபால்ட் கலந்த முடுக்கியை ரெசினில் தனியாகச் சேர்ப்பவர்கள் அதையும் கட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும்.

ஜெல்கோட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றுப் படுகிற மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதனால் இரண்டாவது பூச்சைத் தேய்க்காமலே முதலாவதன் மேல் பூசலாம். கடைசிப் பூச்சில் மட்டும் வக்ஸ் கரைசல் கலக்க வேண்டும். வக்ஸ் மேலே மிதந்து வந்து காற்றை மறைக்க, அது இறுகும். வக்ஸ் கலந்ததன் மேல் எதையும் பூசுவதென்றால் தேய்த்துவிட்டுத்தான். நாங்கள் அடியை 320ஆல் மட்டும் தேய்த்து விட்டோம். முருகைக்கல்லுக்குக் கண்ணாடிப் பளபளப்பு எதற்கு?

பக்கங்களுக்கு எபோக்சி பிறைமர் என்கிற அடிப்பூச்சு இரண்டு தரம், அதன் மேல் பொலியூரிதேன் இரண்டு தரம். எபோக்சியை வெளியில் தெரிய விடக்கூடாது, அதுவும் வெயிலில் தூளாகும். தம்பி ஸ்பிரே அடிக்க ஆளைக் கூப்பிடுவோம் என்றான். நான் மறுத்துவிட்டேன். அந்தப் பெயின்றின் இரண்டாவது ரின்னில் ஐசோசயனேற்று இருக்கிறது. அது புகையாகப் பறந்து நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருக்கா உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும். வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயில் தருகிற முகமூடி இல்லாமல் அதை ஸ்பிரே பண்ணக் கூடாது, துணி முகமூடி ஒன்றுக்கும் உதவாது. றோலரும் தூரிகையும் போதும். தம்பி சின்ன றோலரால் மெல்லிதாக உருட்டிக்கொண்டு போக, பின்னாலேயே நான் தூரிகை நுனியால் தொட்டும் தொடாமலும் இழுத்து வந்தேன். கையுறையும் கரி வடிகட்டி முகமூடியும் அதற்கும் போட்டோம். தள்ளி நின்று பார்த்தால் ஸ்பிரே அடித்த படகு என்றுதான் சொல்வீர்கள்.

நேரம் முக்கியம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பொலியூரிதேன் காயமுன் அதில் பனி விழுந்தால் தண்ணீரோடு வினைபட்டு நுண்ணிய குமிழி விடும், பளபளப்புச் செத்துப் போகும். பங்குனிக்கு நாங்கள் காத்திருந்தது அதற்காக. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் மணலும் தூசியும் பறந்து ஈரப் பெயின்றில் ஒட்டும், அதற்கு முன்னும் முடிக்க வேண்டும். இடையில் கிடைப்பது சில கிழமைதான். மேலே படங்கு கட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்தோம்.

நிறத்தில் அப்பா முழுப் படகும் கடும் நீலம் கேட்டார். வெயிலில் கடும் நிறம் கூடச் சூடேறும், வெளிறினாலும் பளிச்சென்று தெரியும் என்று விளக்கி, வெள்ளைப் பக்கத்தில் விளிம்போரம் ஒரு நீலப் பட்டையாகச் சம்மதிக்க வைத்தேன். அணியத்தில், படகின் முன்பக்கத்தில், பதிவு இலக்கமும் வெள்ளையில் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே மங்கல் சாம்பல் நிறம். வெள்ளை என்றால் நடுப்பகலில் கடலில் கண் கூசும் என்று தம்பி சொன்னான், அது அனுபவம். நிற்கிற இடத்தில் ஈரப் பெயின்றின் மேல் அரித்த மணலைத் தூவி அதன் மேல் இன்னொரு பூச்சு, கால் வழுக்காது.

இந்திர விழாவுக்கு ஐந்து நாள் இருக்கப் படகு இறங்கியது. இப்போது ஆனி. நேற்று அப்பா ஏராவைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார், அணியத்துக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நகத்தால் கீறிப் பார்த்தாராம், நார் தெரியவில்லையாம். ஒட்டுப்போட வைத்த ஜெல்கோட் ரின் அறையின் குளிர்ந்த மூலையில் இருக்கிறது. சில மாதத்துக்கு மேல் அது தாங்காது. ஆவணிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகைச் சரித்து அந்தக் கீறலை அடைக்கப் போகிறோம். கலக்குவதைத் தான் செய்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கென்று ஒரு கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன்.